துள்ளிய புள்ளி யாருடையது

எனக்கு வேலை பேருந்துப் பணிமனையில், தொலைந்த பொருள் அறையில். பேருந்தில் மறந்துவிட்டுப் போன குடை, பை, மூக்குக் கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை முழுசாக ஒரு பல்செட்டு, எல்லாம் கடைசியில் என் கவுண்டருக்குப் பின்னால்தான் வந்து உட்காரும். யாராவது தேடி வந்தால் பொருளை உடனே எடுத்துக் காட்ட மாட்டேன். "அடையாளம் சொல்லுங்க" என்பேன். கறுப்புக் குடை என்று மட்டும் சொன்னால் கதை நடக்காது; அறையில் இருப்பதில் பாதி கறுப்புக் குடைதான். கைப்பிடி எப்படி, கம்பி வளைந்திருக்கிறதா, அதெல்லாம் சொல்ல வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. உரியவர் நேரில் வர வேண்டும். மச்சான் அனுப்பினார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்ற பேச்செல்லாம் என்னிடம் எடுபடாது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு கல் தொலைந்துபோனது.

மோதிரக் கல் இல்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிற கல். சிறுகோள் என்றுதான் சொல்ல வேண்டுமாம். நான் கல் என்றால் என் வீட்டுக்காரருக்கும் அவர் தங்கைக்கும் ஒன்றாகக் கோபம் வரும். அவர்கள் ஒன்றாகச் செய்கிற காரியம் அது ஒன்றாவது மிச்சமிருக்கட்டும் என்று நான் வேண்டுமென்றே கல் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறார். ஊரார் விட்ட கால்புள்ளியெல்லாம் அவர் கண்ணில் படும். கட்டிலில் அவர் போட்டுவைத்த ஈரத்துண்டு மட்டும் படாது. என் நாத்தனார் மாடியில் குடியிருக்கிறாள். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து ரத்த அணுக்களைப் பார்க்கிற வேலை. சின்ன வயதில் ஒல்லி உடம்பும் உருண்டைத் தலையுமாக இருந்தாளாம். அதனால் அண்ணன் அவளைக் குண்டூசி என்று கூப்பிடுவார். இரண்டு பேருக்கும் புள்ளியைப் பார்த்தே பிழைப்பு. வீட்டுக்கு வந்தும் புள்ளிதான்.

அந்தப் பைத்தியத்தின் விவரம் இது. எங்கோ ஒரு மலைமேல் இருக்கும் தொலைநோக்கி, வானத்தின் ஒரே துண்டைச் சில நிமிடம் விட்டு விட்டு நான்கு தடவை படம் பிடிக்கும். உலகம் முழுக்க இவர்களைப் போல இருக்கிற ஆர்வலர் குழுவுக்கு அந்தப் படங்கள் கணினியில் வரும். நான்கையும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்க்க வேண்டும். நட்சத்திரமெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். கல் மட்டும் துள்ளும். துள்ளுகிற புள்ளியின் இடத்தை அளந்து ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினால், அது தெரிந்த கல்லா புதுக் கல்லா என்று அவர்கள் கணக்குப் போட்டுச் சொல்வார்கள். துள்ளுவதில் பெரும்பாலானவை ஏற்கெனவே யாரோ கண்டுபிடித்தவை.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இதில் தலைகால் புரியவில்லை. புளூட்டோ கோள் என்று படித்தேனே என்றேன். "இப்ப இல்ல, அது குறுங்கோள்" என்றார். சீரிஸ் என்று ஒன்று சொன்னார். கண்டுபிடித்தபோது அதைக் கோள் என்றார்களாம். அந்தப் பக்கத்திலேயே இன்னும் நிறைய கல் அகப்படவும் சிறுகோள் ஆக்கிவிட்டார்களாம். இப்போது மறுபடி தூக்கிக் குறுங்கோள் பதவி கொடுத்திருக்கிறார்களாம்.

"அது பாட்டுக்கு ஒரே மாதிரிதானே சுத்துது? எதுக்கு ஆளாளுக்கு மாத்தி மாத்திப் பேசறீங்க?"

"அதுக்கு இதெல்லாம் தெரியாது."

"கொடுத்து வச்ச கல்லு."

அந்தச் சீரிஸ் கண்டுபிடித்த கொஞ்ச நாளில் சூரிய வெளிச்சத்துக்குள் போய்த் தொலைந்துவிட்டதாம். பார்த்தவர் தலையில் கை வைத்துவிட்டாராம். அப்புறம் வேறொருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டு, இந்த இடத்தில் தேடுங்கள் என்று சொல்லித்தான் கிடைத்ததாம். இந்தக் கதை எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் தொழில் அது.

என் மாமியார் இருந்தவரை இந்த வேலை மூன்று பேர் வேலையாக இருந்தது. மாடியில் மகளோடு இருந்தார். சாயங்காலம் மெல்லப் படியிறங்கி வந்து பிள்ளைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்காருவார். "அதோ, அங்க ஒண்ணு துள்ளுது பாரு" என்பார். எல்லாம் துள்ளுவதாகவே அவருக்குத் தெரியும். பாதி நேரம் திரையில் ஒட்டியிருந்த அழுக்கு. அதைத் துணியால் துடைத்துவிட்டு, "இப்பப் பாரு, போயிடுச்சு. உங்க மாதிரியே நானும் ஒண்ணு தொலைச்சுட்டேன்" என்று சிரிப்பார். நல்ல மனுஷி. என்னை ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

அவர் போனபோது பக்கத்தில் யாரும் இல்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. கொஞ்ச நாளாகவே உடம்பு சரியில்லை. யாராவது ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். அன்றைக்கு நான் பணிமனைக்குப் போயிருந்தேன். நாத்தனாருக்கு அன்று விடுப்பு என்று நினைத்துக்கொண்டு இவர் அச்சகத்துக்குக் கிளம்பிவிட்டார். அண்ணன் கீழே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டாள். மதியம் நான் வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முகம் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் அதை யாருக்குச் சொல்லி யாரைத் தேற்றுவது?

அண்ணனும் தங்கையும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. காரியங்கள் முடிந்தன, சாப்பிட்டார்கள், வேலைக்குப் போனார்கள். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அது கல்லுக்காகக் காத்திருந்தது போல.

ஒரு விடுமுறை நாள் காலை, இவர் ஒரு துள்ளலைப் பார்த்தார். எந்தப் பட்டியலிலும் இல்லாத புள்ளி. தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினார். நான்கு படத்தில் மூன்றில்தான் தெரிந்தது, அதுவும் மங்கலாக. "குப்பையா இருக்கும்னு தோணுது, விட்டுடலாமா?" என்று இவரே கேட்டார். "அனுப்பி வை" என்றாள் அவள். ஒருநாள் பார்த்தது மட்டும் போதாது. இன்னொரு நாளும் பார்த்தால்தான் கல்லுக்கு ஒரு பாதை போட முடியும். இரண்டு நாள் கழித்து வந்த படங்களை அவள் மாடியில் உட்கார்ந்து பார்த்தாள். இவர் கணக்குப் போட்டுச் சொன்ன இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளி துள்ளியது. அதே கல் என்று, இவர் அனுப்பும்போது வைத்திருந்த அதே அடையாளப் பெயரில் அனுப்பினாள். அலுவலகம் இரண்டு நாளையும் சேர்த்துப் பார்த்துத் தற்காலிகமாக ஓர் எண்ணும் எழுத்தும் கொடுத்தது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். நான் எல்லாருக்கும் டீ போட்டேன்.

டீ ஆறுவதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"நான் பார்த்தேன், நீ உறுதி பண்ணின" என்றார் இவர், ஏதோ பெருந்தன்மையாகச் சொல்வதாக நினைத்து.

"நீ பார்த்ததை நீயே நம்பல. குப்பைன்னு தள்ள இருந்த. நான்தானே அனுப்பச் சொன்னேன்? ரெண்டாவது நாள் நான்தானே பார்த்தேன்?"

"முதல்ல பார்த்தவன்தான் கண்டுபிடிச்சவன்."

"எப்பவும் நீ முதல்ல பார்ப்ப. அப்புறம் கிளம்பிப் போயிடுவ. மீதியை நான் பார்க்கணும்."

 அவள் டம்ளரை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கல்லில் ஆரம்பித்த பேச்சு எங்கே போய் முட்டியது என்று எனக்கு அப்போது பாதிதான் விளங்கியது.

யார் கண்டுபிடித்தவர் என்று முடிவு செய்ய விதி இருக்கிறது என்றார்கள். நான் அதையும் படித்துப் பார்த்தேன். முதலில் பார்த்தவர்தான், ஆனால் இரண்டாவது நாள் பார்த்ததும் யார் முதலில் அனுப்பியது என்பதைப் பொறுத்து, ஆனால் அது அந்தத் தடவை தெரிந்தபோது நடந்திருக்க வேண்டும். மண்டை காய்ந்துவிட்டது. எங்கள் குடைவிதி எவ்வளவோ தேவலை. இத்தனைக்கும், கண்டுபிடித்தவருக்குக் கிடைப்பது பெயரைப் பரிந்துரைக்கிற உரிமை ஒன்றுதான். அதுவும் பாதை நன்றாக உறுதியாகி, நிரந்தர எண் கொடுத்த பிறகு. வருஷக்கணக்கில் ஆகும்.

அன்றிலிருந்து நான் தபால்காரி ஆனேன்.

"மேல்வீட்டம்மாகிட்ட தண்ணி மோட்டாரை நிறுத்தச் சொல்லு" என்பார் இவர். நான் படியேறுவேன். "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க அண்ணி, நிறுத்தி அரை மணி நேரம் ஆச்சுன்னு" என்பாள் அவள். நான் படியிறங்குவேன். முழங்கால் என்னுடையது, வீராப்பு அவர்களுடையது. வாரங்கள் போய்க்கொண்டே இருந்தன.

அப்போதுதான் நாத்தனார் இன்னொரு சேதி சொன்னாள். வேறு ஊரில் பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்துவிட்டது. மாதக் கடைசியில் கிளம்புகிறாள். மாடியைக் காலி செய்துவிடலாம், வாடகைக்கு விட்டுக்கொள்ளுங்கள் என்றாள்.  பேசாமல் போகிறவர்கள் எப்படித் திரும்பி வருவார்கள் என்று எனக்குத் தெரியும். வர மாட்டார்கள். என் அறையில் எத்தனையோ நல்ல பொருள் அப்படித்தான் கிடக்கிறது. உரியவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும், வந்து கேட்கத்தான் மனசு வராது. இவள் போவதற்குள் இரண்டு பேரையும் ஒரு வார்த்தை பேச வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. ஒரே பொருளுக்கு இரண்டு பேர் வந்து நின்றால் தனித்தனியாக அடையாளம் கேட்பேன். யார் சொல்வது ஒத்துப்போகிறதோ அவருக்கு.

முதலில் இவரைச் சமையலறை மேசையில் பிடித்தேன். "அடையாளம் சொல்லுங்க."

"என்னத்துக்கு?"

"கல்லுக்கு. சொல்லுங்க."

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மங்கல். ஒரு படத்துல கண்ணுக்கே தெரியல. மெதுவா ஊருது, சோம்பேறிக் கல்லு."

"பேர் என்ன வைப்பீங்க?"

காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார். "அம்மா பேருதான்."

மாடிக்குப் போனேன். அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அதே கேள்வி.

"பளிச்சுன்னு இருந்துச்சு அண்ணி. நாலு படத்துலயும் இருந்துச்சு. கொஞ்சம் விறுவிறுன்னே போச்சு."

"பேர்?"

"இதென்ன கேள்வி? அம்மா பேரு."

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இரண்டு பேரும் ஒரே பெயரை வைக்கப் போகிறார்கள். பிறகு எதற்கு இத்தனை நாள் என்னைப் படியேற்றி இறக்கினார்கள்? வாய்விட்டே கேட்டேன். "அவர் வச்சா அவர் வச்சதா இருக்கும்" என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. துணியை எடுத்து மறுபடி மடித்தாள், மடித்த துணியையே.

பெயர் ஒத்துப்போனது. அடையாளம் ஒத்துப்போகவில்லை. என் அனுபவத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இரண்டு பேரில் ஒருவர் கதை விடுகிறார். அவள் அழுதாள், இவர் அழவில்லை. ஆகவே இவர்தான் என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

"நீங்க அந்தக் கல்லை ஒழுங்காப் பார்க்கவே இல்ல" என்று போய்ச் சொன்னேன். "அவ சொல்றது வேற, நீங்க சொல்றது வேற. அவ பார்த்ததைக் கேட்டுட்டு நீங்க பூசி மெழுகறீங்க."

"அறிவில்லாமப் பேசாத. கல்லு உருண்டையா இருக்காது. கிழங்கு மாதிரி கோணல்மாணலா இருக்கும், தன்னையே சுத்திக்கும். அகலமான பக்கம் திரும்பினா வெளிச்சம் கூடும். குறுகின பக்கம்னா குறையும். ரெண்டு நாள் ரெண்டு மாதிரி தெரியறது சகஜம்."

"வேகம்?"

"அளக்கறதுல கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்."

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். நான் நம்பவில்லை. சமாதானம் செய்யப் போன நானும் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். இப்போது ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. மோட்டார் பாட்டுக்கு ஓடித் தண்ணீர் மாடியிலிருந்து வழிந்தது. நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

நாத்தனார் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இவர் அதைப் படித்தார். எழுந்து போய் முகம் கழுவினார். வந்து மறுபடி படித்தார். பிழை திருத்துகிறவர் அல்லவா, அவர்கள் தரப்பில் ஏதாவது தப்பு இருக்கிறதா என்று பார்த்திருப்பார். பிறகு என்னிடம் வந்தார்.

"ரெண்டும் வேற வேறயாம்."

"எது?"

"நான் பார்த்தது ஒரு கல்லு. அவ பார்த்தது இன்னொரு கல்லு. பக்கத்துப் பக்கத்துல போயிருக்கு. நாங்க ரெண்டையும் ஒண்ணுன்னு சேர்த்து அனுப்பிட்டோம். ரெண்டு நாள் கணக்குதானே, எப்படியோ ஒரு பாதையில பொருந்தியிருக்கு. வேற ஒருத்தர் அந்தப் பாதையில தேடிப் பார்த்திருக்காங்க. அங்க ஒண்ணும் இல்லையாம். கொடுத்த எண்ணையும் எடுத்துட்டாங்க."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்படியானால் கதை விட்டவர் யாரும் இல்லை. மங்கல் கல்லும் உண்டு, பளிச்சென்ற கல்லும் உண்டு. "நல்லதுதானே? ஆளுக்கு ஒண்ணு! சண்டை தீர்ந்தது" என்றேன்.

"இல்ல. ரெண்டுமே போச்சு." நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒருநாள் மட்டும் பார்த்த கல்லை அப்புறம் எங்கன்னு தேடறது? உடனே அடுத்த நாளே பின்னாடி போயிருக்கணும். அவ பார்த்துக்கிட்டான்னு நான் என் கல்லை விட்டுட்டேன். நான் பார்த்துட்டேன்னு அவ அவளோடதை விட்டுட்டா. ரெண்டு பேரும் இருக்கோம்னு நெனச்சு..." அங்கே நிறுத்தினார். "கடைசியில ஒருத்தர்கூட இல்ல."

அவர் சொன்னது கல்லைப் பற்றித்தான். ஆனால் அந்த முகத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அன்று மதியம் அச்சகத்திலிருந்து ஓடிவந்து வாசலில் நின்ற முகம் அது. என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"நீ போய் அவகிட்ட சொல்லிடு" என்றார்.

"மாட்டேன்."

"என்னம்மா..."

"ஆள் மூலமா கொடுக்கறதில்ல. நேர்ல போங்க."

 பிறகு எழுந்து படியேறினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவர் அம்மா இறங்குகிற மாதிரி மெதுவாக. நான் படிக்கட்டின் கீழேயே நின்றேன். ஒட்டுக்கேட்பது தப்புதான். அத்தனை வாரம் ஏறி இறங்கியவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

முதலில் அவர் குரல் மட்டும், தாழ்வாக. பாதை, கணக்கு, இடம். பிறகு ஒரு பெட்டி மூடுகிற சத்தம்.  பிறகு யாரோ சொன்னார்கள்: "நீ இருக்கேன்னு நெனச்சேன்." சற்றுப் பொறுத்து மறுபடியும் அதே வார்த்தை: "நீ இருக்கேன்னு நெனச்சேன்." இரண்டு குரலும் அழுது உடைந்திருந்தன. அண்ணன் தங்கை என்பதால் இழுப்பும் ஒன்று போலவே இருந்தது. முதலில் சொன்னது யார், இரண்டாவது சொன்னது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

மறுநாள் அவள் கிளம்பிப் போனாள். வேலை வேலைதானே. பெட்டியை இவர்தான் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டார். அதற்குள்ளேயே ஒரு புதுச் சண்டை. குழுவில் ஆளுக்கு ஓர் இடத்தைத்தான் படம் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்க முடியும். "உன் கல்லு பளிச்சுன்னு இருக்கறது, அதைத் தேடினாத்தான் கிடைக்கும்" என்றார் இவர். "மங்கலா இருக்கறதைத்தான் முதல்ல தேடணும், நாளாக நாளாகத் தெரியாமலே போயிடும்" என்றாள் அவள். வண்டி நகரும்வரை வாக்குவாதம். எனக்குக் காது குளிர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்தது இது. அவள் என் பணிமனைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அண்ணி, அண்ணாகிட்ட சொல்லிடாதீங்க. அவரோட கல்லு இருக்கற பக்கம்தான் நான் கேட்டிருக்கேன்." நான் சரி என்றேன். இவர் முந்தின நாளே என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தார், அவள் கல் இருக்கிற பக்கத்தைக் கேட்டிருப்பதாக. பேருந்தில் ஒருவர் பையை இன்னொருவர் மாற்றி எடுத்துக்கொண்டு போவது போல இருந்தது. இரண்டு ரகசியத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டு நான் முழித்தேன்.

கற்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. எங்கே இருக்கலாம் என்ற இடமும் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போகிறது. இரண்டு இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துகிடப்பதாக இவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். எனக்கு இரண்டு முட்டை மாதிரி தெரிந்தது.

படங்கள் வந்த மறுநாள் எனக்கு விடுப்பு. இவர் அச்சகத்தில். முந்தின நாள் பார்த்துப் பார்த்துக் கண் வலிக்க, கணினியை அப்படியே திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். மேசையைத் துடைக்கப் போன நான் சும்மா உட்கார்ந்தேன். எந்த விசையைத் தட்டினால் படம் மாறும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாதா? தட்டினேன். ஒன்று, அடுத்தது, அடுத்தது. நட்சத்திரங்கள் அசையாமல் கிடந்தன. மறுபடி தட்டினேன்.

இடது மூலைக்குக் கொஞ்சம் உள்ளே ஒன்று துள்ளியது.

கையிலிருந்த துணியால் திரையைத் துடைத்தேன். போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். தட்டினேன். மறுபடி துள்ளியது.  இது மங்கலா, பளிச்சா? முதலில் மங்கலாகத் தோன்றியது. அடுத்த படத்தில் அவ்வளவு மங்கலில்லை. மெதுவாகப் போகிறதா, வேகமா? எதோடு ஒப்பிட்டுச் சொல்வது? ஊரெல்லாம் அடையாளம் கேட்கிறவளுக்கு ஓர் அடையாளம் சொல்லத் தெரியவில்லை. தெரிந்த பழைய கல்லாகக்கூட இருக்கலாம். இவருடையதாக இருக்கலாம். அவளுடையதாக இருக்கலாம். மூன்றாவதாக, யாருக்கும் சொந்தமில்லாததாகவும் இருக்கலாம்.

யாரை முதலில் கூப்பிடுவது? விரல் அச்சக எண்ணுக்குப் போனது, பிறகு அவள் எண்ணுக்கு, பிறகு மறுபடி அச்சகத்துக்கு. முதலில் யார் என்ற பேச்சே இனி இந்த வீட்டில் வேண்டாம் என்று இரண்டு பேரையும் ஒரே அழைப்பில் சேர்த்துவிட்டேன்.

"ஒண்ணு துள்ளுது" என்றேன்.  "துடைச்சுப் பார்த்துட்டேன். போகல."

அந்தப் பக்கம் அச்சு இயந்திரச் சத்தம். இன்னொரு பக்கம் ஆய்வுக்கூடத்தில் ஏதோ கண்ணாடிச் சத்தம். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"அடையாளம் சொல்லு!"

"அடையாளம் சொல்லுங்க அண்ணி!"

"எனக்குச் சொல்லத் தெரியல."

"குண்டூசி, அது உன்னுதாத்தான் இருக்கும்" என்றார் இவர். அந்தப் பெயரை அவர் சொல்லிக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது.

"இல்லண்ணா, உன்னுது. அண்ணி, மங்கலாத்தானே இருக்கு? மங்கல்னு சொல்லுங்க!"

"எனக்குத் தெரியாது" என்று அதட்டினேன். "ரெண்டு பேரும் நேர்ல வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க. இங்க ஆள் மூலமா கொடுக்கறதில்ல."

 மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. யாருடையது என்று இதுவும் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரேன் அண்ணி" என்றாள் அவள். "மாடியை யாருக்கும் விட்டுடலையே?"

"விடல."

"நான் இப்பவே கிளம்பறேன்" என்றார் இவர். "அதை அளந்து உடனே அனுப்பணும். நாளைக்கும் படம் கேட்கணும். இந்தத் தடவை விடக் கூடாது."

அழைப்பை வைத்தேன். மேசை பாதி துடைத்தபடி கிடந்தது, அடுப்பில் உலை வைக்கவில்லை, மோட்டார் வேறு ஓடிக்கொண்டிருந்தது. போய் நிறுத்திவிட்டு ஓட்டமாகத் திரும்பி வந்தேன். மாமியார் உட்காரும் நாற்காலியை இழுத்துத் திரைக்கு எதிரில் போட்டுக்கொண்டேன். படத்தில் இருக்கிற புள்ளி எங்கேயும் ஓடிவிடாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அவர் வருகிறவரை நான் எழுந்திருக்கவில்லை. அது யாருடைய கல்லாக இருந்தால் என்ன, யாராவது ஒருத்தர் பக்கத்தில் இருக்கட்டும்.